மாதா காலுக்குக் கீழே ஒரு துளை

எங்கள் வீட்டு ஆண்களில் கடலுக்குப் போகாதவன் நான் ஒருவன்தான். படகு நாலு முறை ஏறி இறங்கினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். அப்பா இரண்டு தடவை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, "இது கரைக்குத்தான் லாயக்கு" என்று ஐ.டி.ஐ.யில் தள்ளிவிட்டார். எலக்ட்ரீஷியன் படித்தேன். டோல்கேட்டில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் சேர்ந்து, இருபது வருடத்துக்கு மேலாகச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறேன். காசிமேட்டில் தெரிந்தவர்கள் படகில் ஒயர் வேலை, பேட்டரி வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையில் மீட்டரைப் பிடித்துவிட்டால் எனக்கு ஒரு கர்வம் வந்துவிடும். அப்புறம் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அண்ணனுடையது முப்பதடி ஃபைபர் படகு, டீசல் என்ஜின். அலை தெறித்தும், ஈர வலையிலிருந்து வடிந்தும், ஐஸ் உருகியும் உள்ளே சேருகிற தண்ணீர் எல்லாம் பின்பக்கம் என்ஜினுக்கு அடியில் இருக்கும் குழியில் வந்து நிற்கும். முன்பெல்லாம் பாதியாக வெட்டின கேனால் மொண்டு வெளியே ஊற்றுவார்கள். நான்தான் அந்தக் குழியில், பேட்டரியில் ஓடுகிற சின்னப் பம்பு ஒன்றை வைத்துக் கொடுத்தேன். கைக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கிக்கொள்ளும், பம்பு தானாக ஓடும். தண்ணீர் இறங்கினால் தானாக நிற்கும். ஹோஸ் வழியாக ஏறுகிற தண்ணீர், படகின் பின்பக்கத்தில் போட்ட ஒரு துளை வழியே கடலில் விழும். அவ்வளவுதான் சங்கதி. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

அண்ணனோடு கடலுக்குப் போகிறவன் அண்ணியின் தம்பி. அண்ணனுக்கு மச்சான் என்றால் எனக்கும் மச்சான்தான். என் வயதுக்காரன். பம்பு வைத்த அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னா மாமு, இத்தினூண்டு கீது. இதுவா கடல வெளிய ஊத்தப் போவுது?"

ஓடவிட்டுக் காட்டினேன். வெளியே பீய்ச்சியடித்ததைப் பார்த்து விசிலடித்தான். அன்றிலிருந்து என்னை எஞ்சினியரு என்றுதான் கூப்பிட்டான். கிண்டலா மரியாதையா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

செப்டம்பரில் மாதா திருநாள் வருவதற்கு முன் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். எங்கள் பக்கம் மாதா படமோ சிலுவையோ படகின் முன்பக்கத்தில்தான் இருக்கும். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை.

"முன்னாடி வரஞ்சா யாரு பாக்குறா? மீனா பாக்கப் போவுது? படகு போறப்போ கரையில நிக்குற எங்க கண்ணுக்கு அதோட முதுகுதான தெரியுது. மாதா அந்தப் பக்கம் நிக்கட்டும். அவங்களப் பாத்துட்டு வூட்டுக்குப் போனா மனசு அடங்கும்."

அதனால் பெயின்டர் பின்பக்கம், இடது ஓரத்தில் மாதாவை வரைந்தார். நீலப் போர்வை, இரண்டு பக்கமும் விரித்த கைகள், வெறுங்கால். நன்றாகவே வரைந்திருந்தார். முகத்தில் மட்டும் யாரோ பக்கத்து வீட்டு அக்கா சாயல் இருந்தது. ஒரே ஒரு இடைஞ்சல், என் துளை மாதாவின் கழுத்துக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டது. போர்வையின் மடிப்பு மாதிரி வரைந்து பெயின்டர் அதை மறைத்துவிட்டார்.

பெயின்ட் காய்ந்ததும் படகைத் தண்ணீரில் இறக்கிப் பம்பைப் போட்டுப் பார்த்தேன். குழியில் கிடந்த பழைய டீசலும் மீன் கழிவும் கலந்த கறுப்புத் தண்ணீர், மாதாவின் நெஞ்சிலிருந்து வழிந்து விரித்த கையில் சொட்டியது. பக்கத்தில் நின்ற அண்ணி பதறிப்போய் முந்தானையை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"இன்னா தம்பி நீ, மாதா மேல கலீஜ் தண்ணிய வுடற! பாக்கவே நெஞ்சு பதறுது. வேற எங்கனா போடக் கூடாதா?"

போடக் கூடாதா என்ன. மேலே போட இடமில்லை, படகின் விளிம்பு வந்துவிடும். பக்கத்தில் போனால் ஹோஸ் என்ஜினில் உரசும். கீழே இறக்கினால் சுலபம். மாதாவின் பாதத்துக்குக் கீழே, தண்ணீர் மட்டத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் புதிதாக ஒரு துளை போட்டேன். பழைய துளையை ரெசின் வைத்து அடைத்தேன். பெயின்டர் அதன்மேல் நீலம் தடவிவிட்டார். அண்ணன் எட்டிப் பார்த்து, "அவ்ளோ கீயவா?" என்று மட்டும் கேட்டான். "ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்குறேன்" என்றேன். படித்தவன் சொல்கிறான் என்று அவனும் விட்டுவிட்டான். அண்ணிக்குப் பரம சந்தோஷம். அன்று வீட்டில் எனக்குத் தனியாக வஞ்சிரம் வறுத்து வைத்தார்.

நாலு விரல் என்று அளந்தேன் அல்லவா, அப்போது படகு காலியாக இருந்தது. கடலுக்குப் போகிறவன் எவனாக இருந்தாலும் அந்த நிமிடமே கேட்டிருப்பான். நான் கரைக்காரன், எனக்குத் தோன்றவில்லை.

திருநாள் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, டீக்கடையில் மச்சானைப் பார்த்தேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"எஞ்சினியரு, உன் பம்பு இப்பல்லாம் ஓயாம கத்திகினே கீது. நிக்குது, கத்துது, நிக்குது, கத்துது. இன்னான்னு ஒரு தபா வந்து பாரேன்."

"வேலை செய்யுதா இல்லியா? செஞ்சா சந்தோஷப்படு. கத்துனா காதப் பொத்திக்க" என்றேன்.

சிரித்தான். டீயைக் குடித்துவிட்டுப் போனான். அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், எண்ணூருக்கு வெளியே படகு கவிழ்ந்தது. முதல் வலையிலேயே நிறைய மீன் ஏறியிருந்தது. இரண்டாவது வலையை விட்டுவிட்டு, என்ஜினை நிறுத்தி, நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். மச்சான் முன்பக்கம் உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் தார்ப்பாயின் நிழலில் அரைமணி நேரம் கண்ணயர்ந்தான். பின்பக்கம் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் இரண்டு பேருக்கும் கவலையில்லை. முதுகில் ஈரம் பட்டு அண்ணன் விழித்தபோது பம்பு ஓடவில்லை. நின்று நின்று ஓடும் சத்தத்துக்குப் பழகிப்போன மச்சானும் அது அடியோடு நின்றதைக் கவனித்திருக்கவில்லை. ஸ்விட்ச்சைத் தட்டினான், மூச்சில்லை. இரண்டு பேரும் கேனை எடுத்து மொள்ள ஆரம்பித்தார்கள். தண்ணீரால் தாழ்ந்துவிட்ட பின்பக்கத்தில் ஒரு அலை ஏறியது. அத்தோடு படகு புரண்டுவிட்டது. அண்ணன் கவிழ்ந்த படகைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வேறொரு படகு வந்து அவனைத் தூக்கியது. மச்சான் வலையில் சிக்கி உள்ளே போய்விட்டான். மறுநாள் எண்ணூர் கரையில் ஒதுங்கினான்.

படகை இழுத்து வந்து நிமிர்த்திக் கரையில் வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னார்கள். மீட்டரை வைத்தேன், பேட்டரியில் ஒன்றுமில்லை. கடலில் ஊறியதால் இருக்கலாம் என்று பார்த்தால், அண்ணன் விழித்தபோதே பம்பு ஓடவில்லை என்று அவன் வாயாலேயே சொல்லியிருந்தான். பம்பைக் கழற்றிக் கழுவி, வேறு பேட்டரியில் மாட்டி, குழியில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஜோராக ஓடியது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"பம்புல ஒரு கொறையும் இல்ல. பேட்டரி டவுன். சார்ஜ் இல்லாத பேட்டரிய வெச்சிகினு போனா எந்தப் பம்பு ஓடும்?"

அண்ணன் அந்தப் பேட்டரியில் செல்போன் சார்ஜ் போடுவான், ஸ்பீக்கரில் பாட்டு வைப்பான். எல்லோருக்கும் தெரியும். அவனும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், மறுக்கவில்லை. என் வேலையில் குறை இல்லை என்று நிரூபித்துவிட்ட திருப்தி, அந்தச் சாவு வீட்டு நேரத்திலும், எனக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் இருந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று குடும்பமாகப் போனோம். மண் மேட்டில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு எழுந்த அண்ணி, அண்ணனின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"தூங்கிகினே என் தம்பிய கொன்னுட்டியே."

அதற்குப் பிறகு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சோறு போடுவார், துணி துவைத்துப் போடுவார். வாயைத் திறக்க மாட்டார். அதே வீட்டின் மேல் போர்ஷனில்தான் நான் இருக்கிறேன். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணி படியருகே வந்து, "தம்பி, கேஸ் தீந்துடுச்சுன்னு சொல்லு" என்று மேலே பார்த்துக் கூப்பிடுவார். நான் இறங்கி வந்து, மூன்றடி தூரத்தில் இருப்பவனிடம் கேஸ் தீர்ந்துவிட்டதைச் சொல்வேன். அவனும் ஏதோ வெளியூர் செய்தி மாதிரி கேட்டுக்கொள்வான். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் பயமாக இருந்தது.

அண்ணன் கடலுக்குப் போவதை விட்டுத் துறைமுகத்தில் ஐஸ் கட்டி தூக்கப் போனான். அவன் பாயில் படுப்பதையே விட்டுவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குவான், அதுவும் அரைகுறையாக. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியா இருக்கிறது.

மே மாதம், திடீரென்று படகைப் பழுது பார்த்துத் தண்ணீரில் இறக்கினான். கூடப் போக யாரும் வரவில்லை. அவன் முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள், வேறு படகில் சொல்லிவிட்டேன் என்றார்கள்.

"நான் மட்டும் போறேன்" என்றான் என்னிடம். "புதுப் பேட்டரிய மட்டும் மாட்டிக் குடு."

தனியாகப் போவது தற்கொலை என்று எனக்கே தெரியும். அவனுக்குத் தெரியாதா. அவன் முகத்தைப் பார்த்தால், தெரிந்தேதான் கிளம்புகிறான் என்று எனக்குப் பட்டது. அன்று காலை கடைக்கு லீவு போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். எப்படியாவது பேசிப் பேசி நிறுத்திவிடலாம் என்ற எண்ணம்.

படகு பலகை மேடையை ஒட்டிக் கட்டியிருந்தது. அதற்குள்ளேயே சரக்கை ஏற்றிவிட்டிருந்தான். ஐஸ் பெட்டி நிறைய ஐஸ், இரண்டு வலை, டீசல் கேன், தண்ணீர் கேன். நானும் மேடையிலிருந்து படகில் இறங்கினேன். என் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அது ஒரு ஐஸ் பெட்டிக்குக் குறையாது. முதலில் வேலையை முடித்துவிட்டுப் பேசலாம் என்று பேட்டரியை மாட்டினேன். குழியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்ததால் பம்பு உடனே ஓடி, உறிஞ்சிவிட்டு நின்றது.

"பாத்தியா? சூப்பரா கீது" என்றேன்.

பிளேயரைப் பையில் போடுவதற்குள் பம்பு மறுபடி ஓடியது. நின்றது. நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஓடியது. நின்றது.

நிக்குது, கத்துது, நிக்குது, கத்துது.

டீக்கடையில் மச்சான் டீயை ஆற்றிக்கொண்டு சொன்னது அப்படியே காதில் விழுந்தது.  குழியைப் பார்த்தேன். இப்போதுதான் காலி செய்த குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

முதலில், என்ஜினிலிருந்து விசிறியைச் சுற்றுகிற ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் ஒழுகுகிறதோ என்று நினைத்தேன். பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். கையை விட்டுத் தடவினேன். காய்ந்து கிடந்தது. ஃபைபரில் எங்காவது கீறல் இருக்கலாம். அண்ணன் என்ஜின் பெட்டிக்குள் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்று வைத்திருப்பான். அதை வாங்கி, குழியைச் சுற்றிச் சரிவு முழுக்கத் தூவினேன். எங்கிருந்து தண்ணீர் வந்தாலும் பவுடரில் கோடு விழுந்துவிடும். அண்ணனும் நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு பக்கமும் பவுடர் வெள்ளையாக அப்படியே கிடந்தது. நடுவில் மட்டும் தண்ணீர் ஏறியது. நடுவில் பம்பைத் தவிர ஒன்றுமே இல்லை.

ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, பம்பிலிருந்து ஹோஸைப் பிடுங்கினேன். தண்ணீரை வெளியே அனுப்புவதற்காக நான் மாட்டிய ஹோஸ், குழாய் திறந்த மாதிரி கடலை என் கைமேல் ஊற்றியது.

ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, படகின் விளிம்பில் வயிற்றை வைத்து வெளியே எட்டிப் பார்த்தேன். சரக்கு ஏறிய படகு பின்பக்கம் தாழ்ந்திருந்தது. மாதாவின் பாதம் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. பாதத்துக்குக் கீழே நான் போட்ட துளை எங்கே என்றே தெரியவில்லை. அது கடலுக்குள் இருந்தது.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காலியாக இருக்கும்போது துளை தண்ணீருக்கு மேலே. மீன் ஏறியதும் தண்ணீருக்குக் கீழே. பம்பு ஓடும்வரை வெளியே தள்ளும். நின்றதும் அதே ஹோஸ் வழியாகக் கடல் உள்ளே வரும். மறுபடி பம்பு ஓடும். என்ஜினையும் நிறுத்திவிட்டால் பேட்டரி ஏறாது, இப்படியே ஓடி ஓடித் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு தடுக்க ஆளில்லை. கரையில் வைத்துப் பக்கெட் தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோது இது எப்படித் தெரியும்? ஊர் கூடி நின்றபோது பேட்டரி டவுன் என்று தீர்ப்புச் சொன்ன எஞ்சினியர், பேட்டரி ஏன் டவுன் ஆனது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

விரலை எடுக்காமலே அண்ணனிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். வார்த்தை எப்படி வந்தது என்று நினைவில்லை. அவன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டான். 

"அப்போ நான் தூங்கினதுனால இல்லியா?" என்றான்.

அந்தக் கேள்வியை அவன் கேட்ட விதம், இப்போதும் வேலை நடுவில் ஞாபகம் வந்தால் கம்பி கைவிட்டுப் போய்விடுகிறது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"முழிச்சினு இருந்தா சீக்கிரம் பாத்திருப்ப, மொண்டு ஊத்தி இருப்ப. ஆனா தண்ணி வந்தது நான் போட்ட ஓட்டையால. பேட்டரி செத்தது அதால. உன் பாட்டால இல்லண்ணா, போனால இல்ல. மச்சான் எங்கிட்ட சொன்னான், பம்பு ஓயாம கத்துதுன்னு. நான்தான் போவல."

அவன் முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். நான் அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வா, வூட்டுக்குப் போய் அண்ணிகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"வாணாம்."

"ஏன்?"

"டேய், அந்த ஓட்டைய மாத்தச் சொன்னது யாரு? அவதானே. மாதா மேல தண்ணி வயியுதுன்னு பதறினா இல்ல? இப்போ போயி இத்த சொன்னா, தம்பிய நானே கொன்னுட்டேன்னு நெனச்சிக்குவா. எம்மேல கோவமா கீறா, இருக்கட்டும். கோவத்துல மனுஷன் சாவ மாட்டான்."

அண்ணனை நான் அதுவரை கொஞ்சம் மந்தமானவன் என்றுதான் நினைத்திருந்தேன். கடலுக்குப் போவான், மீன் கொண்டுவருவான், பாட்டுக் கேட்பான். எட்டு மாதமாக அவன்மேல் கிடந்த பழியிலிருந்து வெளியே வர வழி கிடைத்த அந்த நிமிடத்தில், அவன் முதலில் யோசித்தது அண்ணியைப் பற்றி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவன்மேல் இல்லை, என்மேல். நீ பேசாமல் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பழைய பேச்சுதான். ஆனால் இந்த முறை அவனை இன்னும் ஒரு நாள்கூட அதைச் சுமக்க விடமாட்டேன் என்று இருந்தது.

ஹோஸின் வாயில் துணியை இறுக்கி அடைத்து, சரக்கை இறக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் அண்ணி சமையல்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்து சொன்னேன். பம்பைப் பற்றி, ஹோஸைப் பற்றி, துளை தண்ணீருக்குள் போனதைப் பற்றி. தப்பு என்னுடையது, அளவு பார்க்கத் தெரியாமல் கீழே போட்டுவிட்டேன், அண்ணன்மேல் பழி போட்டதும் நான்தான் என்றேன். அவர் கை உரிப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு இறாலாகத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏன் கீய போட்ட?" என்றார்.

வழியெல்லாம் இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"ஹோஸ் பத்தல அண்ணி. மேல எட்டல. அதான்."

கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பொய் சொல்லாத தம்பி. ஹோஸு மேலதான் போய்கினு இருந்துச்சு. நான்தான மாதா மேல வயியுதுன்னு சொன்னேன். நான்தான உன்ன மாத்த வெச்சேன்."

 அவர் அழவில்லை. கையை அலம்பிக்கொண்டு வந்து, கூடத்தில் அண்ணன் வழக்கமாக உட்கார்ந்து தூங்குகிற நாற்காலியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்குத் தெரியுமா?" என்றார். அண்ணனைத்தான் கேட்கிறார்.

"தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு."

அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி சுவரோரமாக உட்கார்ந்தார். தம்பி பெயரைச் சொல்லி அழுதார். அன்று சாயங்காலம் அடுப்பு எரியவில்லை. அண்ணன் வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். 

மறுநாள் காலை நான் ட்ரில் மெஷினும் ரெசினும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனபோது, அண்ணி எனக்கு முன்னால் அங்கே வந்து நின்றிருந்தார். அண்ணன் சரக்கை எல்லாம் இறக்கிப் படகைக் காலி செய்திருந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மாதாவின் பாதத்துக்குக் கீழே இருந்த துளையை முதலில் அடைத்தேன், இரண்டு பக்கமும், இரண்டு அடுக்கு. அது இறுகுவதற்குள், புதுத் துளையை எங்கே போடுவது என்று விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். மாதாவைத் தொடாமல் எங்காவது ஓரமாக, ஹோஸை வளைத்துக் கொண்டுபோக முடியுமா என்று பார்த்தேன்.

அண்ணி படகில் இறங்கி, பின்பக்கம் மண்டிபோட்டு, வெளியே கையை நீட்டி மாதாவின் போர்வையைத் தடவினார். பெயின்டுக்கு அடியில் ரெசின் அடைத்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். விரல் அதைக் கண்டுபிடித்து நின்றது.

"இங்கதான இருந்துச்சு?"

"ஆமா அண்ணி."

"இங்கயே போடு."

அண்ணன் தயங்கினான். "மாதா மேலயா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டான். வழக்கம் அப்படி ஆகிவிட்டிருந்தது.

 அண்ணி விரலை எடுக்காமல் இருந்தார், நான் மார்க்கரால் புள்ளி வைக்கும்வரை. துளை போட்டேன். நீலமும் வெள்ளையும் கலந்த தூள் சுழன்று விழுந்தது. ஹோஸை மேலே ஏற்றி, உள்பக்கம் விளிம்புவரை ஒரு வளைவு கொடுத்து, அங்கிருந்து துளைக்கு இறக்கினேன். துளை தண்ணீரில் மூழ்கினாலும் அந்த மேட்டைத் தாண்டிக் கடல் சுலபமாக உள்ளே வராது. அந்த வளைவை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும். கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், காலியாக இருக்கும்போது எதையும் அளக்காதே என்பதுதான். மோட்டார் கடையில் அதற்கு என்ன வேலை என்று அவர்கள் முழிப்பார்கள்.

ரெசின் நன்றாக இறுகியதும் அண்ணன் ஐஸ், வலை, கேன் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். படகு தாழ்ந்தது. மாதாவின் பாதம் மறுபடி தண்ணீருக்குள் போயிற்று. குழியில் இரண்டு பக்கெட் கடல் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஸ்விட்ச்சைப் போடு என்று அண்ணனுக்குக் கை காட்டினேன்.

போட்டான். கறுப்பும் மஞ்சளுமாகத் தண்ணீர் மாதாவின் நெஞ்சிலிருந்து கொட்டி, போர்வையெல்லாம் வழிந்து, விரித்த கைவழியாகக் கடலில் சொட்டியது. பலகை மேடையில் நின்ற அண்ணியின் கை, தன்னையறியாமல் முந்தானைக்குப் போனது. நுனியைப் பிடித்துவிட்டார். குனியவும் செய்தார். அப்புறம் அப்படியே விட்டுவிட்டார்.

அண்ணன் அவசரமாக ஸ்விட்ச்சுக்குக் கையை நீட்டினான்.

"வுடு, நிறுத்தாத" என்றார் அண்ணி. அவனைப் பார்த்து, அவனிடமே சொன்னார். "ஊத்தட்டும். நீ சொமந்த, நான் சொமக்கறேன். அவங்களும் கொஞ்சம் சொமக்கட்டும்."

கல்லறைத் திருநாளுக்குப் பிறகு அவனிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அண்ணன் நீட்டின கையை எடுக்கவும் இல்லை, ஸ்விட்ச்சைத் தொடவும் இல்லை.  குழி காலியாகி, பம்பு காற்றை இழுத்துக் கரகரத்துவிட்டுத் தானாக நின்றது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். நான் குனிந்து குழியைப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் ஏறவில்லை.